இழுத்துப் பார், வருகிறதா என்று

என்ரை அம்மாவுக்கு,

கோபம் இன்னும் ஆறாத, ஆனாலும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் உங்களை நினைக்கிற உங்கள் கடைசி மகள் பூரணம் எழுதுவது.

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. முன்பு வந்த கடிதங்களை நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவேன். இதை அங்கே யார் உங்களுக்கு வாசிக்கப் போகிறார்களோ தெரியாது. அபியின் போன வருடத்துக் கணக்குக் கொப்பியில் மிச்சம் இருந்த தாள்களில் எழுதுகிறேன். அபி என் மகள் வசந்தியின் பிள்ளை. நீங்கள் காணாதவள். பதினைந்து வயது. இந்த வருடம் சாதாரணதரப் பரீட்சை. இப்போது பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

வசந்தி கந்தோரில் வேலை முடிந்து வர நாலரை ஆகும். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். இருந்தால் இருக்க முடியவில்லை. இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தரம் எழும்பி, வேலியடி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

ஒவ்வொரு வருடமும் உங்கள் திதி வரும் மாதத்தில் கனடாவில் இருக்கிற என் மகன் ரவி பத்திரிகையில் நினைவஞ்சலி போடுவான். நல்ல படம்தான். என் கல்யாணத்தில் எடுத்தது. அந்தப் படத்தில் உங்கள் வலது கை விரலில் சுருட்டு இருக்கிறது. பத்திரிகையில் வரும்போது மணிக்கட்டோடு வெட்டிவிடுகிறார்கள். கீழே பாட்டு மாதிரி நாலு வரி. விளக்கு என்பார்கள், தெய்வம் என்பார்கள். சுருட்டு என்ற சொல் வராது. இந்த வருடம் அந்த நாலு வரிக்குப் பதில் இதைப் போடச் சொல்லப் போகிறேன். படத்தையும் வெட்ட வேண்டாம் என்று சொல்வேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ? எனக்கு எல்லாம் இருக்கிறது. இணுவில் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிய, நீங்கள் குசினிச் சுவரில் சாய்ந்து காலை நீட்டுவீர்கள். "எடி பூரணம், பத்திக்கொண்டு வா." நான் அடுப்படிக்குப் போய்த் தணலில் சுருட்டைப் பிடிப்பேன். பிடித்தால் மட்டும் போதாது. உங்களிடம் வந்து சேருவதற்குள் அணைந்துவிடும். "ரண்டு இழுவை இழுத்துக்கொண்டு வா. இல்லாட்டி நூந்து போகும்." அப்போது எனக்கு ஏழு வயது. முதல் நாள் குமட்டிச் சத்தி எடுத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். அன்றைக்கு நீங்கள் கட்டியிருந்தது கரை போன பச்சைச் சேலை.

ஒன்பது வயதில் சத்தி வரவில்லை. அந்தச் சுருட்டுப் புகையிலைக்கு இனிப்புப் பாணி போடுவார்கள் அல்லவா, அந்த இனிப்பு உதட்டில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் எப்போது சாப்பிட்டு முடிப்பீர்கள் என்று நான் குசினி வாசலில் காத்துக்கொண்டு நிற்பேன். இரண்டு இழுவை என்றீர்கள். நான் ஐந்து இழுத்தேன். இதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் என் வாய் மணத்தைக் கண்டுபிடித்தார். வகுப்புக்கு முன்னால் நிறுத்தினார். பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உங்கள் கையில் சுருட்டு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பற்றவைத்துத் தந்தவள் நான். அவர் கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"களவாய் எடுத்துக் குடிக்குதாக்கும் வாத்தியார். இனி உவளைப் பள்ளிக்கு அனுப்பேலை."

அவ்வளவுதான் என் படிப்பு. அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. நான் தொடவில்லை. அறுபத்தொரு வருடம், அம்மா. பிறகு உங்கள் கன்னத்துக்குள் புண் வந்து, சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் கொழும்புக்குக் கொண்டுபோக வழியில்லாமல், கஞ்சியைக் கரண்டியால் துளித் துளியாக விட்டது நான்தான். தலையைத் தடவிக்கொண்டே மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அப்போது உங்களால் கதைக்க முடியாது. உங்களால் முடிந்த காலத்தில் நான் கேட்கவும் இல்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

நானும் சுருட்டை விடவில்லை. கிணற்றடியில் ஒளித்து ஒளித்துக் குடித்தேன். வசந்திக்குப் பிடிக்காது. அம்மம்மாவின் கன்னத்தை மறந்துபோனீர்களா என்று கேட்பாள். இரண்டு வருடத்துக்கு முன் நல்லூர்த் திருவிழாவுக்கு ரவி வந்தபோது, நான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு இருமுவதைக் கண்டுவிட்டான். கண் கலங்கினான். அடுத்த நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு சாமான் எடுத்தான். விரல் நீளம். வெள்ளிக் கலர்.

"இதென்னடா, பேனையோ?"

"வேப் அம்மா. அங்கை எல்லாரும் இதுக்கு மாறீட்டினம். நெருப்பில்லை, சாம்பலில்லை, புகையுமில்லை. வெறும் ஆவி. மாம்பழ வாசம். சுருட்டை விட்டிட்டு இதைப் பிடியுங்கோ."

"கொக்காவுக்குத் தெரிஞ்சால்?"

"அக்காவுக்கு ஏன் சொல்லுறியள்? சுருட்டை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. அது பொய்யில்லையே."

அது பொய்யில்லைதான். வசந்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். கந்தோர் முழுக்கச் சொன்னாள். நான் அந்தச் சாமானைப் பழைய பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து, ரின்னைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். அறையில் மாம்பழ வாசம் வந்தால் ரவி அனுப்பிய ஊதுபத்தி என்றேன். அவள் நம்பினாள். என் பிள்ளைகள் என்னை நம்புகிறவர்கள்.

ஆனால் அதற்குச் சின்னப் போத்திலில் இருந்து எண்ணெய் மாதிரி ஒன்று விட வேண்டும். சார்ஜ் போட வேண்டும். நுனியில் ஒரு கடுகளவு வெளிச்சம் வரும், அது என் கண்ணுக்குத் தெரியாது. என் விரலும் நடுங்கும். ஆகவே அபியைக் கூப்பிட்டேன். அப்போது அவளுக்குப் பதின்மூன்று. அவள் எல்லாம் செய்து கையில் தருவாள். நான் இழுத்தால் சில நேரம் ஒன்றும் வராது. நான் திருப்பிக் கொடுத்துச் சொன்னேன்.

"இழுத்துப் பார் பிள்ளை, வருதோ எண்டு."

அம்மா, இந்த வரியை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தணலும் இல்லை, புகையும் இல்லை, சுருட்டும் இல்லை. ஆவி என்று என் மகன் சொல்லியிருக்கிறான். அவள் இழுத்தாள், இருமினாள், "மாம்பழம் தான் அம்மம்மா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நீங்கள் சிரித்த மாதிரியே.

பிறகு நான் கூப்பிடாமலே வர ஆரம்பித்தாள். "அம்மம்மா, சார்ஜ் இருக்கோ பாக்கட்டோ?" எவ்வளவு கரிசனை என்று நினைத்தேன். போத்தில் கெதியாக முடிந்தது. நான்தான் கூட இழுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது இந்தச் சாமான் எங்கும் கிடக்கிறது. கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்தில் வேட்டி கட்டின பெடியள் வாயால் வெள்ளை மேகம் விடுகிறார்கள். வெளிநாட்டால் வருகிறவர்கள் சொக்லேட்டோடு இதையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். விற்கலாமோ கூடாதோ எனக்குத் தெரியாது, ஆனால் ரியூசன் பக்கத்துக் கடையில் கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்குமாம். ஸ்ரோபெரி, முந்திரிகை, பபிள்கம். புத்தகத்தில் கோடு போடுகிற மினுங்கல் பேனை மாதிரியே ஒன்று இருக்கிறதாம். கொம்பாசுப் பெட்டிக்குள் வைத்தால் ரீச்சருக்கும் தெரியாதாம். இதெல்லாம் அபி சொன்னது. எனக்குக் கதை சொல்கிற மாதிரிச் சொன்னாள். நானும் கதை கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை அபியின் கொம்பாசுப் பெட்டிக்குள் அப்படி ஒரு பேனை பிடிபட்டது. பள்ளி அதிபர் வசந்தியைக் கூப்பிட்டு, "இலத்திரனியல் சிகரெட் வைத்திருந்தமை" என்று எழுதிய கடிதத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். வசந்தி வீட்டுக்கு வந்து கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, அபியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆர் உனக்கு இதைப் பழக்கினது?"

அபி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கிறதுக்கு அவள் பட்ட பாட்டை நான் கண்டேன். என் பெயரைச் சொல்லவும் இல்லை.

புதன்கிழமை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். நானும் போனேன். இளம் பெண். அதட்டாமல் கதைத்தாள்.

"எவ்வளவு காலமாய்ப் பாவிக்கிறீர் பிள்ளை?"

"ரண்டு வருசம் வரும்."

"இழுக்காட்டி என்ன செய்யுது?"

அபி விரலை நோண்டினாள். "எரிச்சல் வரும். ஒரு பாடமும் ஏறாது. நெஞ்சு படபடக்கும். சோதினை ரண்டு மணித்தியாலம் இருக்கேலாது. அதுதான் பள்ளிக்குக் கொண்டு போனனான்."

வசந்தி கேட்டாள், "இது ஆவி தானே டொக்டர்? இன்ரநெற்றிலை அப்பிடித்தான் கிடக்கு."

"ஆவி எண்டுதான் விக்கினம். கேத்திலிலை தண்ணி கொதிச்சு வாற ஆவியில்லை இது. உள்ளுக்கை இருக்கிற திரவத்திலை நிக்கொட்டின் இருக்கு. புகையிலையிலை இருக்கிற அதே சாமான். வாசத்துக்கு வேறை இரசாயனம். சூடாகிற கம்பியிலை இருந்து உலோகமும் கலக்கலாம். மாம்பழ வாசம் போட்டதை வாயாலை தின்னலாம். நுரையீரலுக்குத் தின்னத் தெரியாது."

பிறகு சொன்னாள், சுருட்டையும் சிகரெட்டையும் விட இதில் நஞ்சு குறைவு என்று பெரியவர்களுக்குச் சொல்வதுண்டாம். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லையாம். ஒருநாளும் புகைக்காத பிள்ளைக்கு அந்தக் கணக்கே பொருந்தாதாம். வளர்கிற மூளையை நிக்கொட்டின் கெதியாகப் பிடித்துவிடுமாம். "இருபது முப்பது வருசத்திலை என்ன செய்யும் எண்டு இன்னும் ஒருத்தருக்கும் முழுக்கத் தெரியாது. அந்தத் தெரியாததைத்தான் இந்தப் பிள்ளையள் நெஞ்சுக்குள்ளை இழுக்கினம்."

சுருட்டு உங்கள் கன்னத்தை என்ன செய்யும் என்றும் அந்த நாளில் ஒருவருக்கும் தெரியாதுதானே, அம்மா? எங்கள் தோட்டத்துப் புகையிலை, அது ஒன்றும் செய்யாது என்றுதானே சொன்னீர்கள்?

கடைசியாக டொக்டர் கேட்டாள், "வீட்டிலை ஆராவது பத்துறவையோ?"

"இல்லை டொக்டர்," என்றாள் வசந்தி. "அம்மா முந்திச் சுருட்டுக் குடிச்சவ. தம்பி சொல்லி விட்டிட்டா. ரண்டு வருசமாச்சு." அவ்வளவு கவலைக்குள்ளும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

டொக்டர் என்னைப் பார்த்தாள். "உண்மையோ அம்மா? நல்ல விசயம்."

"ஓம்," என்றேன்.

அந்த ஓம்தான் அம்மா இப்போது என்னை இருக்க விடாமல் துரத்துகிறது.

திரும்பி வரும்போது வசந்தி தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வளவுச் சறோவின் மகள் மதுசாவும் அபியும் ஒரே வகுப்பு. ரியூசனுக்கு இரண்டு பேரும் ஒன்றாகச் சைக்கிளில் போய் வருகிறவர்கள். "உவள்தான் பழக்கியிருக்கிறாள்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் நேரே வேலியடிக்குப் போனாள்.

சறோ தையல் மெஷினில் இருந்தவள் அப்படியே எழும்பி வந்தாள். வசந்தி சொன்னதெல்லாம் ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்டது. தகப்பன் இல்லாத பிள்ளையை இப்படியா வளர்க்கிறது என்றுகூடச் சொன்னாள். என் மகள் அப்படிக் கதைக்கிறவள் அல்ல. சறோ தலையைக் குனிந்தாள். உள்ளே போனாள். மதுசா, "நான் இல்லை அம்மா, சத்தியமாய் நான் இல்லை" என்று அழுதது கேட்டது.

நான் வாசலில் நின்றேன். ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். சறோவின் மாமியார் பதினொரு வருடத்துக்கு முன் வேலி மாற்றும்போது எங்கள் பக்கம் ஓரடி தள்ளிக் கட்டை நட்டாள். நாங்கள்தான் தள்ளினோம் என்று ஊருக்குச் சொன்னாள். அன்றோடு, இரண்டு வீடும் போய்வந்த இடைவெளியை, அந்த வேலிப் பொட்டை, தகரம் வைத்து அடைத்தோம். மாமியார் செத்துப்போனாள். செத்த வீட்டுக்கும் நான் போகவில்லை. புதன்கிழமை சறோ தலை குனிந்து நின்றபோது என் மனதில் ஒரு மூலை குளிர்ந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் குளிர்ந்தது.

நேற்று மதுசா ரியூசனுக்குப் போகவில்லை. இன்று பள்ளிக்கும் போகவில்லை. காலையில் சறோ யாரோடோ ரெலிபோனில் கதைப்பது கேட்டது. "மானம் போன பிறகு என்ன படிப்பு? என்னோடை இருந்து தைக்கட்டும். அனுப்பேலை."

அனுப்பேலை.

நான் அந்த நேரம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். விளக்குமாறு கையில் அப்படியே நின்றுவிட்டது. உங்கள் குரல் அம்மா. அதே சொல். வாத்தியாரின் சைக்கிள் மணி கூட எனக்குக் கேட்டது. ஆனால் இந்த முறை கதவுக்குப் பின்னால் நிற்பது நான் இல்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கையில் சுருட்டோடு இருப்பது நான்.

அபியிடம் போனேன். "ஏன் பிள்ளை நீ என்னைச் சொல்லேலை?" என்று கேட்டேன்.

"சொன்னால் அம்மா உங்களோடை கதைக்க மாட்டா."

"மதுசாவை நினைச்சியே?"

"நினைச்சுக்கொண்டுதான் கிடக்கிறன்." சுவரைப் பார்த்தபடி சொன்னாள். பிறகு, "நீங்களும் நினைச்சனீங்களோ அம்மம்மா?"

எழும்பி வெளியே வந்துவிட்டேன். செவ்வாயிலிருந்து நான் அந்தச் சாமானைத் தொடவில்லை. கை தானாக வாய்க்குப் போய்த் திரும்புகிறது. பல்லைக் கடித்துப் பல்லைக் கடித்துத் தாடை நோகிறது. எழுபத்தொரு வயதில் எனக்கே இப்படி என்றால், அந்தப் பிள்ளை எப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்?

காங்கேசன்துறைப் பக்கம் போகிற ரயில் இப்போதுதான் போனது. கொப்பியை வைத்துவிட்டு, குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். பொட்டை அடைத்த தகரத்தின் இரண்டு ஆணியைக் கிளப்பிவிட்டேன். மூன்றாவது அசையவில்லை. தையல் மெஷின் சத்தம் நின்றது.

"ஆரது தகரத்தை ஆட்டுறது?"

"நான்தான். பூரணம்."

கதிரையைத் தள்ளுகிற சத்தம். பிறகு, "ஏன், இன்னும் ஓரடி வேணுமோ?"

பதினொரு வருடத்தில் அவள் என்னோடு கதைத்த முதல் கதை அது. நானும் திருப்பிக் கொடுக்க நாலு வசனம் வைத்திருந்தேன், தேய்த்துத் தேய்த்து மினுக்கி வைத்த வசனங்கள். எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நாலரைக்கு இஞ்சாலை வா சறோ. வசந்திக்கு முன்னாலை ஒண்டு சொல்ல இருக்கு."

"இன்னும் ஏச்சு மிச்சம் இருக்கோ?"

"இருக்கு. எனக்கு."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நானும் திரும்பி வந்து கொப்பியை எடுத்துவிட்டேன். பிஸ்கட் ரின் மடியில் இருக்கிறது. சாமான் உள்ளே, மிச்சப் போத்தில் இரண்டும் உள்ளே. வசந்தி செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவள் கையில் கொடுப்பேன். இதை அபிக்கு முதல் இழுக்கக் கொடுத்தது நான், மதுசா இல்லை என்று சொல்வேன். டொக்டரிடம் சொன்ன ஓமையும் போய்த் திருப்பி எடுப்பேன். ரவிக்கும் சொல்வேன், வெறும் ஆவி என்ற கதையை இனி எந்தத் தாயிடமும் சொல்லாதே என்று. வசந்தி என்னோடு கதைக்க மாட்டாள். எத்தனை நாளைக்கோ. அவள் என் மகள், கோபத்தை வைத்திருக்கத் தெரிந்தவள்.

அம்மா, உங்களுக்கும் ஒரு வாக்குத் தருகிறேன். இந்தத் திதிக்கு உங்கள் படையலில் சுருட்டு வைக்க மாட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு வைப்பேன், வடை வைப்பேன். கோபித்தால் கோபியுங்கள். அபியோடு சேர்ந்து நானும் விடுவேன். அவளுக்கு எரிச்சல் வரும்போது என்மேல் எரிந்து விழட்டும். மதுசா மறுபடி சைக்கிளில் ஏறும்வரை சறோவின் படலை வாசலில் தினமும் போய் நிற்பேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அந்தச் சொல்லுக்கு எனக்கு இப்போது உரிமை இல்லை. நீங்கள் ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று மட்டும் இனிக் கேட்க மாட்டேன். புதன்கிழமை எனக்குத் தெரிந்துபோனது.

வேலியடியில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தேன். மூன்றாவது ஆணி அவர்கள் பக்கம் இருந்து அடித்த ஆணி. சறோ குறட்டோடு நிற்கிறாள், கழற்றிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் படலை திறக்கிற சத்தமும் கேட்கிறது. போகிறேன் அம்மா.

உங்களுக்குச் சுருட்டுப் பற்றவைத்துத் தந்த கடைசி மகள்,
அபியின் அம்மம்மா,
பூரணம்
கொக்குவில்